ஓடு கட்டுமுன்

வெள்ளாட்டுக்கு எலுமிச்சம்பழம் தேவையில்லை. தனக்கு வேண்டிய வைட்டமின் சி-யைச் சர்க்கரையிலிருந்து அதன் ஈரலே காய்ச்சிக் கொடுத்துவிடும். நாய்க்கும் எலிக்கும் பெருச்சாளிக்கும்கூட அந்தக் கொடுப்பினை உண்டு. மனிதனுக்கு இல்லை. எந்தக் காலத்திலோ நம் முப்பாட்டன் குரங்கு ஒன்றின் உடம்பில் அந்த ஜீன் பழுதாகிப்போனது. காட்டில் பழம் கொட்டிக்கிடந்த காலம், யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அன்றிலிருந்து நெல்லிக்காயையும் கொய்யாவையும் நம்பிப் பிழைக்கிற கூட்டம் நாம்.

இந்தப் பழைய பழுதுதான் தமயந்தியின் பொங்கல்களை வருஷா வருஷம் கெடுத்துக்கொண்டிருந்தது.

தமயந்தி கோயம்புத்தூரில் ஒரு தனியார் கருத்தரிப்பு மையத்தில் எம்ப்ரியாலஜிஸ்ட். மற்ற மையங்களில் முற்றிய முட்டையை எடுத்துக் கரு உண்டாக்குவார்கள். இவளுக்கு முட்டையையே வளர்க்கும் வேலை. பள்ளிக்கூட வயதில் ரத்தப் புற்றுநோய் வந்த பெண்களுக்கு, கடுமையான மருந்து ஏற்றுமுன் சூலகத்திலிருந்து ஒரு துண்டை வெட்டி உறைய வைத்திருப்பார்கள். பிழைத்தெழுந்து, கல்யாணமாகி, பிள்ளை வேண்டுமென்று வரும்போது அந்தத் துண்டைத் திரும்ப உடம்பில் வைக்க முடியாது. பழைய நோயின் செல் ஒன்று அதில் பதுங்கியிருந்தால் தீர்ந்தது கதை. ஆகவே துண்டில் இருக்கும் ஃபாலிக்கிள்களைக் கண்ணாடித் தட்டில் வைத்து வளர்ப்பார்கள். ஃபாலிக்கிள் என்பது கண்ணுக்கே தெரியாத குட்டிப் பை. நடுவில் முட்டை, சுற்றிலும் அதற்கு ஊட்டிவிடும் தாதிச் செல்கள், வெளியே ஒரு சுவர். அந்தச் சுவரைப் பின்ன வைட்டமின் சி வேண்டும். குறைந்தால் சுவர் பிய்ந்து, முற்றாத முட்டை வெளியே நழுவிவிடும். நழுவியதைக் குப்பையில்தான் போட வேண்டும்.

வைட்டமின் சி-யோ சுகவாசிச் சரக்கு. இன்குபேட்டர் சூட்டில் ஒரு பொழுதுகூடத் தாங்காது, கெட்டுப்போகும். நாள் தவறாமல் புதிதாகக் கலந்து ஊற்ற வேண்டும். கெடாத வகை என்று விற்பதையும் வாங்கிப் போட்டுப் பார்த்தாள். முட்டை வளர்ந்தது, சுவர் என்னவோ தொளதொளவென்றுதான் இருந்தது. எருமை வைத்திருப்பவள் ஒரு கல்யாண வீட்டில் ராத்தங்க முடியாத மாதிரி ஆயிற்று தமயந்தியின் பிழைப்பு. "நீங்க எங்கண்ணனைக் கட்டினீங்களா, இல்ல அந்தத் தட்டைக் கட்டினீங்களா அண்ணி?" என்று நாத்தனார் ஒரு தடவை கேட்டேவிட்டாள்.

அப்போது வந்த யோசனைதான் ஆட்டு ஜீன். ஆட்டின் அந்தப் பழுதில்லாத ஜீனை, நோய் தராத ஒரு வைரஸில் ஏற்றித் தாதிச் செல்களுக்குள் அனுப்பிவிட்டால் அவையே வைட்டமின் சி காய்ச்சிக்கொள்ளும், மனுஷி போய் ஊற்ற வேண்டாம். முட்டை முற்றியதும் தாதிச் செல்களைக் கழற்றி எறிந்துவிடப் போகிறார்கள். முட்டைக்குள் வைரஸ் போகாது, அதைச் சுற்றிக் கெட்டியாக ஓர் ஓடு இருக்கிறது. மையத்தின் தலைவர் டாக்டர் ஜெயசீலன் கமிட்டியில் இதைத்தான் விளக்கினார், கமிட்டியும் தலையாட்டியது. செய்தார்கள், பலித்தது.

அந்த வைரஸைக் கொடுப்பதற்கு ஒரு பருவம் உண்டு. முட்டை ஓடு கட்டிய பிறகுதான் கொடுக்க வேண்டும். அந்த வருஷப் பொங்கலுக்கு லேபில் பாதிப் பேர் ஊருக்குக் கிளம்பிவிட்டார்கள். தமயந்தியும் கல்யாணமாகி முதன்முதலாக மாட்டுப் பொங்கலுக்கு மாமியார் வீட்டுக்கு வருவதாக வாக்குக் கொடுத்துவிட்டாள். தட்டில் இரண்டு பெண்களின் ஃபாலிக்கிள்கள், இன்னும் பிஞ்சாக. திரும்பி வரும்வரை தாங்க வேண்டுமே என்று வைரஸைக் கொஞ்சம் முன்கூட்டியே கொடுத்துவிட்டு பஸ் ஏறினாள். பண்டிகைக்கு முந்தின நாள் நம் ஊரில் எல்லா வேலையும் இந்த லட்சணத்தில்தான் நடக்கும். வந்து பார்த்தபோது எல்லாம் கொழுகொழுவென்று இருந்தன. இரண்டு பெண்களும் பிள்ளை பெற்றுக்கொண்டார்கள். அவள் அந்தப் பொங்கலை மறந்தே போனாள்.

ஐந்தாறு வருஷம் கழித்து ஒரு காலையில் யசோதா போன் செய்தபோதும் அது ஞாபகத்துக்கு வரவில்லை.

"அக்கா, நாந்தானுங்க, கோபி யசோதா."

யசோதா அந்த இருவரில் ஒருத்தி. கோபிச்செட்டிபாளையம். கணவன் சென்னியப்பனுக்கு வாழைத்தார் மண்டி. மகள் மிருதுளாவுக்கு நாலு வயது முடிந்திருந்தது.

"சொல்லு யசோதா. மிருது என்ன பண்றா?"

"மிருதுக்கு சுகர்னு சொல்லிப்போட்டாங்கக்கா." குரல் உடைந்தது. "பள்ளிக்கோடத்துல கேம்ப் வெச்சு விரல்ல குத்திப் பாத்தாங்க. நானூறுக்கு மேல காட்டுச்சுங்க. இங்கத்த டாக்டரும் அதே மாதிரி மெசின்ல பாத்துப்போட்டு இன்சுலின் ஆரம்பிச்சுட்டாரு. சின்ன உடம்புல குத்தறதுக்குக் கை நடுங்குதுங்க."

தமயந்திக்கு நிஜமாகவே மனசு கஷ்டமாக இருந்தது. எத்தனையோ பிள்ளைகள் இதோடு நன்றாக வளர்கிறார்கள், பயப்படாதே என்றாள். "டாக்டர் சொன்னபடி செய். ஊசியை மட்டும் விட்டுராதே."

"விடுவனுங்களா. உங்க எல்லாரு பேச்சையும் கேட்டதாலதானே அவளே வந்தா. ஆனா ஊசி போட்டும் எறங்க மாட்டேங்குதுக்கா. இன்னைக்கு மத்தியானத்துல இருந்து ஏத்திப் போடச் சொல்லியிருக்காங்க. அதுல பாருங்க, ஒண்ணுக்குல சர்க்கரையே இல்லையாமா. ரத்தத்துல மட்டும் எகிறுது. டாக்டரே என்னடா இதுங்கறாரு."

"சிலருக்கு அப்படியும் இருக்கும்," என்று தமயந்தி சொல்லிவைத்தாள். எம்ப்ரியாலஜிஸ்டுக்கு சர்க்கரை வியாதியைப் பற்றி என்ன தெரியும்? ஆனால் போனை வைத்துவிட்டு லேபுக்குள் போன பிறகும் அந்த ஒண்ணுக்கு விஷயம் முள் மாதிரி உறுத்திக்கொண்டே இருந்தது.

தட்டில் உள்ள ஃபாலிக்கிள்கள் எவ்வளவு சர்க்கரை தின்றன என்று அவசரத்துக்குப் பார்க்க, மருந்துக்கடையில் விற்கும் சாதாரண சுகர் மெஷின் ஒன்றை லேபில் வைத்திருந்தார்கள். அதை எடுத்தாள். பின்பக்கம் அவளே எப்போதோ ஒட்டிய சீட்டு: வைட்டமின் சி கலந்த தட்டில் வைக்காதே. இந்த மலிவு மெஷினுக்கு இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாது. வைட்டமின் சி அதிகம் இருந்தால் அதையும் சர்க்கரைக் கணக்கில் சேர்த்துக்கொண்டு நானூறு ஐந்நூறு என்று அடித்துவிடும்.

தமயந்தி மெஷினைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். மாட்டுப் பொங்கல், பஸ், பிஞ்சு ஃபாலிக்கிள்கள், ஓடு என்று ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தன. அப்போது ஓடு கட்டியிருக்கவில்லை. வைரஸ் முட்டைக்குள்ளேயே போயிருக்கிறது. முட்டைக்குள் போனால் குழந்தையின் உடம்பு முழுக்கப் போனதாகத்தான் அர்த்தம்.

மிருதுளாவுக்கு சர்க்கரை வியாதியே கிடையாது. இல்லாத சர்க்கரையை இறக்க அவளுக்கு ஊசி போட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

யசோதாவைக் கூப்பிட்டாள். அடித்து ஓய்ந்தது. திரும்பவும் கூப்பிட்டாள். இப்போது அணைத்து வைக்கப்பட்டிருப்பதாகச் சொன்னது. டாக்டர் ஜெயசீலனின் அறைக்கு ஓடினாள்.

ஜெயசீலன் அறுபதைத் தொட்டவர். கையெழுத்துப் போடும்போதுகூடப் பதறாத ஆள். அவள் மூச்சிரைக்கச் சொன்னதை முழுதும் கேட்டுவிட்டுத்தான் வாயைத் திறந்தார்.

"உக்காரும்மா. அது எப்படி முட்டைக்குள்ள போகும்? ஓடு இருக்குமே."

"ஓடு கட்டுமுன்னாடி குடுத்துட்டேன் சார். அந்தப் பொங்கல் லீவுக்கு."

"கருவுல செல் எடுத்து டெஸ்ட் பண்ணினோமே."

"குரோமோசோம் எண்ணிக்கை சரியான்னு பாத்தோம். ஆட்டு ஜீன் இருக்கான்னு யார் சார் தேடினா?"

"ஆடே இவ்வளவு காய்ச்சாது தமயந்தி. மீட்டரை ஏமாத்தற அளவுக்கு எப்படி வரும்?"

"ஆட்டுக்குப் போதும்னா நிறுத்தத் தெரியும். நாம செஞ்சது தட்டுக்காக. திருகு இல்லாத குழாய் மாதிரி, நிறுத்தற வழியே வெக்கல. அந்தக் குழந்தை உடம்புல அது ஓயாம ஓடிட்டிருக்கு சார். மத்தியானம் டோஸ் ஏத்தப் போறாங்களாம். உண்மையான சர்க்கரை ஏற்கெனவே அடிமட்டத்துல இருக்கும். இன்னும் ஏத்தினா செத்துருவா."

ஜெயசீலன் கண்ணாடியைக் கழற்றினார். "அந்தத் தட்டுல இன்னொருத்தரும் இருந்தாங்க இல்ல?"

"தூத்துக்குடி பிரிசில்லா. பையன் ஜோயல்."

அவர் முகத்தில் ஈயாடவில்லை. "அவங்களை நான் பாத்துக்கறேன். நீ கூப்பிட வேண்டாம்," என்றார்.

"சரி சார். முதல்ல கோபிக்குப் பேசுங்க."

"பேசறேன். மீட்டர் கோளாறுன்னு சொல்லி ஊசியை நிறுத்திடலாம். ஜீன் பேச்சு வேண்டாம். முட்டையோட ஜீன்ல கை வெச்சா சட்டப்படி ஜெயில், அது எனக்கும் உனக்கும். அது போகட்டும். அந்தக் குழந்தையை நினைச்சுப் பாத்தியா? ஆட்டுக்குட்டின்னு ஊரே பேர் வெச்சுரும். எந்தப் பள்ளிக்கோடத்துல சேப்பாங்க? நாளைக்கு எவன் கட்டுவான்? ஆராய்ச்சின்னு தூக்கிட்டுப் போய்க் குத்திக் குத்திப் பாப்பாங்க. உசுரோட இருக்கும்போதே பிள்ளையைப் பெத்தவங்ககிட்ட இருந்து பிடுங்கின மாதிரி ஆயிரும்."

அவர் சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை, அதுதான் தமயந்திக்கு இன்னும் கோபத்தை மூட்டியது. "உசுரோட இருக்கட்டும் சார், அப்புறம் மத்ததைப் பாக்கலாம். இப்பவே பேசுங்க," என்றாள்.

"பேசறேன்னு சொன்னேன்ல. போ."

வெளியே வந்து கண்ணாடிக் கதவுக்குப் பக்கத்தில் நின்றாள். அவர் இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். போன் மேஜைமேல் கிடந்தது. அதை எடுக்கவே இல்லை. எடுத்துப் பேசினால், உங்களுக்கு எப்படித் தெரியும் என்று எதிர்முனை கேட்கும். அந்த ஒரு கேள்விக்குப் பயந்துகொண்டு உட்கார்ந்திருக்கிறார் என்பது அவளுக்கு விளங்கிவிட்டது. பெரிய மனுஷர்தான், பயம் வந்தால் எல்லாரும் ஒரே உயரம்.

காரை எடுத்தாள். சத்தி ரோட்டில் அன்னூர் தாண்டும்வரை யசோதாவின் எண்ணையே திரும்பத் திரும்ப அழுத்தினாள். அப்புறம் மையத்து ரிசப்ஷனுக்குப் போன் போட்டு சென்னியப்பன் நம்பரைக் கேட்டாள்.

ரிசப்ஷனில் இருந்த பெண் தயங்கினாள். "மேடம், அந்த ரெண்டு பேஷன்ட் நம்பரையும் யாருக்கும் குடுக்க வேண்டாம்னு டாக்டர் இப்பத்தான் சொல்லிட்டுப் போனாருங்க."

"எனக்குக் கூடவா?"

"உங்க பேரைச் சொல்லித்தானுங்க மேடம் சொன்னாரு."

வண்டியை ஓரம் கட்டி அழலாம் போலிருந்தது. கட்டவில்லை. புளியம்பட்டி சந்தை நெரிசலில் லாரிக்குப் பின்னால் மாட்டிக்கொண்டபோது ஹாரனை விடாமல் அழுத்தினாள். கோயில் பக்கமே போகாதவள், பண்ணாரித் தாயே, நான் போற வரைக்கும் அவ கை ஊசியைத் தொடக் கூடாது என்று வாய்விட்டு வேண்டிக்கொண்டாள். வெயில் உச்சிக்கு ஏறிக்கொண்டிருந்தது. சோற்று வேளைக்கு முன்னால்தான் ஊசி போடுவார்கள். பிள்ளைக்கு இன்றைக்குப் பசி சீக்கிரம் எடுக்கக் கூடாதே என்றுகூட நினைத்தாள். ஒரு தாய் தன் மகளுக்கு ஊசி போட மறந்துபோக வேண்டும் என்று ஆசைப்பட்டுக்கொண்டு வண்டி ஓட்டியது அவள் ஒருத்தியாகத்தான் இருக்கும்.

யசோதாவின் வீட்டு வாசலில் இறங்கியபோது கேட் திறந்தே இருந்தது. யசோதா கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். முகமெல்லாம் சிரிப்பு.

"வாங்கக்கா. சொல்லாமக் கொள்ளாம வந்து நிக்கறீங்க. மிருதுவைப் பாக்கறதுக்கா?"

"போன் எங்கே?"

"மிருது பொம்மைப் படம் பாத்து சார்ஜ் தீந்துபோச்சுங்க."

"ஊசி போட்டுட்டியா?"

"போட்டாச்சுங்கக்கா. ரெண்டு வாய் சோறுதான் தின்னா. தூக்கம் வருதுன்னு அப்படியே சாஞ்சுட்டா. நல்லாத் தூங்கட்டும்னு விட்டுட்டேன்."

குழந்தை சோபாவில் ஒருக்களித்துப் படுத்திருந்தாள். தலைக்கு மேலே ஃபேன் முழு வேகத்தில் சுற்றியது. அப்படியும் முடி நெற்றியோடு நனைந்து ஒட்டிக்கிடந்தது. தமயந்தி தொட்டுப் பார்த்தாள். சில்லென்று, ஈரமாக இருந்தது. தோளை உலுக்கினாள். தலை தளர்ந்து அந்தப் பக்கம் சாய்ந்தது, கண் திறக்கவில்லை.

"யசோதா, நாட்டுச்சர்க்கரை கொண்டா. ஓடு."

யசோதா நகரவில்லை. "சர்க்கரையா? என்னக்கா சொல்றீங்க? ஊசி போடும்போது பாத்தேனுங்க, நானூத்தி முப்பது. இப்பவும் வேணா பாருங்க." டீப்பாய்மேல் இருந்த மெஷினை எடுத்துப் பிள்ளையின் விரலில் குத்திக் காட்டினாள். நானூற்றுப் பதினைந்து என்று காட்டியது. "பாத்தீங்களா? இதுல சர்க்கரையைக் குடுத்தா உசுரு போயிருமுங்க."

"மெஷின் பொய் சொல்லுது. கொண்டா."

"டாக்டரைக் கேக்காம நான் குடுக்க மாட்டனுங்கக்கா." குறுக்கே வந்து நின்றாள். யசோதா கெட்டிக்காரி. மருந்தும் மாத்திரையுமாக வளர்ந்தவள், ஒரு வேளை மருந்து தப்பினால் என்ன ஆகும் என்று பக்கத்துக் கட்டில்களைப் பார்த்துக் கற்றுக்கொண்டவள். அந்தப் பிடிவாதம்தான் அவளைப் பிழைக்க வைத்தது. இப்போது அதுவே பிள்ளைக்கு எமனாக நின்றது.

விளக்க நேரமில்லை. தமயந்தி தன் வாழ்நாளில் சொல்லியிராத ஒரு வார்த்தையைச் சொன்னாள்.

"இந்தப் பிள்ளையை உனக்குக் குடுத்தது யாரு?"

யசோதாவின் முகம் மாறியது. "நீங்கதானுங்க."

"அப்ப நான் சொல்றதைக் கேளு."

யசோதா சமையலறைக்கு ஓடினாள்.

தமயந்தி விரலைத் தண்ணீரில் நனைத்து, சர்க்கரையில் புரட்டி, குழந்தையின் கன்னத்துக்கு உள்ளே ஈறோடு சேர்த்துத் தேய்த்தாள். திரும்பவும் தேய்த்தாள். ஒன்றும் ஆகவில்லை. ஃபேன் சத்தம் மட்டும் கேட்டது. ஒருவேளை தான் நினைத்ததே தப்போ, நிஜமாகவே சுகர்தானோ, இப்போது கொன்றுகொண்டிருப்பது நான்தானோ என்று ஒரு கணம் தோன்றியது. விரலை எடுக்கவில்லை, தேய்த்துக்கொண்டே இருந்தாள். யசோதா சுவரில் சாய்ந்து முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு நின்றாள்.

குழந்தையின் நாக்கு அசைந்தது. ஒரு தடவை விழுங்கினாள். இன்னொரு தடவை. அப்புறம் எரிச்சலாக முகத்தைச் சுளித்துக் கண்ணைத் திறந்து, "கையை எடுங்க," என்றாள்.

யசோதா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

பெரிய ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். அங்கே லேபில் இருக்கிற பெரிய மெஷினை வைட்டமின் சி ஏமாற்ற முடியாது. அவ்வளவு நாட்டுச்சர்க்கரை கொடுத்த பிறகும் ரத்தத்தில் சர்க்கரை பாதாளத்தில் இருப்பதாக அது சொன்னது. குளுக்கோஸ் ஏற்றினார்கள். இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் பிள்ளை இல்லை என்று டியூட்டி டாக்டர் தமயந்தியிடம் தாழ்ந்த குரலில் சொன்னார். சென்னியப்பன் மண்டியிலிருந்து மடித்துக் கட்டிய வேட்டியோடு ஓடிவந்தான். மிருதுளா படுக்கையில் உட்கார்ந்து பிஸ்கட் கேட்டுக்கொண்டிருந்ததைக் கண்ணால் பார்த்த பிறகுதான் அவனுக்கு மூச்சு வந்தது.

வார்டுக்கு வெளியே பெஞ்சில் இருவரையும் உட்கார வைத்துத் தமயந்தி எல்லாவற்றையும் சொன்னாள். பொங்கலைச் சொன்னாள். பஸ்ஸைச் சொன்னாள். ஆட்டைச் சொன்னாள். எதையும் குறைக்கவில்லை.

யசோதாதான் முதலில் கேட்டாள். "அப்ப அவ எம் பிள்ளை இல்லீங்களா?"

"உன் பிள்ளைதான் யசோதா. உன் முட்டை, உன் ரத்தம். அதுல ஒரே ஒரு ஜீன் மட்டும் வெளிய இருந்து வந்தது. அவ உடம்பு வைட்டமின் சி அதிகமாக் காய்ச்சும். சிறுநீரகத்துல கல் வராமப் பாக்கணும். விரல்ல குத்தற மெஷினை நம்பக் கூடாது. மத்தபடி அவளும் எல்லாப் பிள்ளைங்க மாதிரிதான்."

சென்னியப்பன் எழுந்து வந்து அவள் முன்னால் நின்றான். அடித்துவிடுவானோ என்று நினைத்தாள். அடித்திருந்தாலும் வாங்கிக்கொண்டிருப்பாள். அவன் கைகூப்பினான்.

"நீங்க பண்ணினதை நாங்க கேக்கலீங்க. ஒண்ணே ஒண்ணு, இது நம்ம மூணு பேரோட போகட்டும். எங்க சனத்துல பொண்ணு எடுக்கறதுன்னா ஏழு தலைமுறை விசாரிப்பாங்க. ஆடுன்னு ஒரு சொல்லு வெளிய போச்சுன்னா எம் பொண்ணு கதி முடிஞ்சுதுங்க."

"ஆமாங்கக்கா," என்றாள் யசோதா. "உங்க காலைப் பிடிச்சுக்கறேன். யாருகிட்டயும் சொல்லிராதீங்க."

காலையில் ஜெயசீலன் சொன்னபோது அவளுக்குக் கோபம் வந்தது. இவர்கள் சொல்லும்போது கோபப்பட வழியில்லை. சரி என்று தலையாட்டிவிடலாம். யாரும் அவளைக் கேட்கப் போவதில்லை, ஜெயில் இல்லை, வேலை போகாது. பயந்த மனசுக்கு அது எவ்வளவு இனிப்பாக இருந்தது என்பதை நினைத்து அவளுக்கே அருவருப்பாக இருந்தது.

"இன்னொரு குழந்தை இருக்கு யசோதா. தூத்துக்குடில. அவங்களுக்குச் சொல்லியே ஆகணும்."

"மெஷின் சரியில்லைன்னு மட்டும் சொல்லுங்க. ஆட்டைப் பத்திச் சொல்லாதீங்க," என்றான் சென்னியப்பன்.

ரிசப்ஷன் கொடுக்காவிட்டால் என்ன, வருஷா வருஷம் பிரிசில்லா மகனின் பிறந்தநாள் போட்டோ அனுப்பும் நம்பர் அவள் போனிலேயே இருந்தது. தேடி எடுத்தபோதுதான் கவனித்தாள், இந்த வருஷம் ஜோயலின் போட்டோ வரவே இல்லை. வேலை மும்முரத்தில் அது அவள் கண்ணில் படவில்லை. அவர்களும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டாள்.

"மேடம், நீங்களா? நானே உங்களுக்குப் பேசணும்னு இருந்தேன்," என்றாள் பிரிசில்லா.

"ஜோயல் எப்படி இருக்கான் பிரிசில்லா?"



"டாக்டர் சொல்லலியா மேடம்? ஜோயல் போன வருசம் தவறிட்டான். சுகர். கண்டுபிடிச்சுக் கொஞ்ச நாள்தான். ஒரு நாள் சாயங்காலம் தூங்குதான்னு நெனச்சோம், எந்திரிக்கவே இல்ல. டாக்டருக்கு அன்னைக்கே போன் பண்ணிச் சொன்னோமே. நாங்க ஒரு குறையும் வைக்கல மேடம். வேளாவேளைக்கு ஊசி போட்டோம். கூடுது கூடுதுன்னு மெசின் காட்டுச்சு, அவங்க ஏத்தச் சொன்னாங்க, ஏத்திப் போட்டோம்."

யசோதாவின் கை தமயந்தியின் கையை இறுகப் பிடித்தது.

"ஆனா சந்தோசமான சேதியும் உண்டு மேடம். உங்ககிட்ட மிச்சம் உறைய வச்சிருந்த கருவுல ஒண்ணை டாக்டர் வச்சு விட்டாருல்லா. இப்ப எனக்கு நாலு மாசம். ஜோயலே திரும்பி வாரான்னு எங்க வீட்ல சொல்லுதாவ."

கரு வைக்கும் பிரிவு வேறு. தமயந்திக்கு அது தெரியாது. அதே தட்டு, அதே பொங்கல். காலையில் ஜெயசீலனின் முகத்தில் ஏன் ஈயாடவில்லை என்பது இப்போது விளங்கியது. அவர் அந்த நொடியில் இரண்டு பிள்ளைகளைக் கணக்குப் போட்டிருக்கிறார், ஒன்று போனது, ஒன்று வரப்போவது.

"இந்தத் தடவை அசந்துபோக மாட்டேன் மேடம்," என்றாள் பிரிசில்லா. "ஜோயலோட மெசினைப் பத்திரமா எடுத்து வச்சிருக்கேன். இது பொறந்த அன்னைக்கே குத்திப் பாத்திருவேன். சுகர் காட்டிச்சுன்னா அன்னைக்கே ஊசி ஆரம்பிச்சிரணும். ஜோயலுக்கு லேட்டாத் தெரிஞ்சதாலதான் அப்படி ஆயிப்போச்சு."

தமயந்தி வாயைத் திறந்தாள். சொல்லாவிட்டால் அந்தப் பிள்ளை சாகும். சொன்னால் இந்தத் தாய் இன்றோடு செத்துப்போவாள். மூன்று பேர் தலை பெஞ்சில் குனிந்திருந்தது. உள்ளே மிருதுளா நர்ஸிடம் இன்னொரு பிஸ்கட் கேட்பது கேட்டது.

யசோதா கையை நீட்டிப் போனை எடுத்துக்கொண்டாள். சென்னியப்பன், "ஏ யசோதா," என்று தோளைத் தொட்டான். அவள் அவன் கையைத் தட்டிவிட்டாள்.

"அக்கா, நான் கோபில யசோதா பேசறனுங்க. என்னை உங்களுக்குத் தெரியாது. எம் பொண்ணும் உங்க பையனும் ஒரே தட்டுல வளந்தவங்க. அந்த மெசினை எடுத்து வீதில வீசிப்போடுங்க. அது இன்னைக்கு எம் பொண்ணுக்கும் சுகர்னு சொல்லுச்சு. அதை நம்பி எங்கையாலேயே ஊசி போட்டு, கொல்லப் பாத்தனுங்க. இந்தப் பிள்ளைங்களுக்கு சுகரே இல்லீங்க. இவங்க ஒடம்புல ஒரு ஆட்டு ஜீன் இருக்குது. அதனால மெசின் தப்பாக் காட்டுது. உங்க வயித்துல இருக்கற குழந்தைக்கும் அது இருக்கும். அதுக்கு ஊசி போட்டுராதீங்க."

போன் கட்டாகிவிட்டதோ என்று யசோதா திரையைப் பார்த்தாள்.

"அப்ப ஜோயலுக்கும் சுகர் இல்லியா?"

யசோதா போனைத் தமயந்தியிடம் நீட்டினாள். சென்னியப்பன் எழுந்து பிள்ளை இருந்த வார்டுக்குள் போய்விட்டான். தமயந்தி போனை வாங்கி, ஸ்பீக்கரை அணைத்து, காதில் வைத்துக்கொண்டாள்.

"இல்லம்மா," என்றாள்.